நாத்தனார் முறை

எங்க வீட்ல ஒருத்தர எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாமலே ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கோம். போன் வந்தா "ஆங்... சொல்லுங்க", நேர்ல பாத்தா "வாங்க, எப்ப வந்தீங்க", கிளம்பும்போது "சரி, வரட்டுமா". தமிழ்ல இந்த வசதி இருக்கு, முறை சொல்லாம மரியாதையாவே பேசி முடிச்சிடலாம், எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியாதுன்னு நாமளா நெனச்சுக்கலாம். தெரியும். அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுன்னு பின்னாடி சொன்னாங்க.

அவங்க எங்க அப்பாவோட கூடப்பொறந்தவங்க, அப்பாவுக்கு இளையவங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து சித்தப்பா. கீரமங்கலம் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை. அந்த ஏரியா பத்தி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், எங்க பாத்தாலும் போர்வெல், தென்னை, பூந்தோட்டம், அதனால எந்நேரமும் யாராவது ஒருத்தர் டிவிஎஸ் எக்செல்ல எரிஞ்சுபோன சப்மெர்சிபிள் மோட்டார கட்டி எடுத்துக்கிட்டு வருவாங்க. சித்தப்பா அத பிரிக்கறதுக்கு முன்னாடியே மோந்து பாத்து சொல்லிடுவார், லோ வோல்டேஜ்ல ஓட்டி எரிச்சிருக்கியா இல்ல தண்ணி உள்ள போச்சான்னு. சின்ன வயசுல லீவுக்குப் போனா பழைய காப்பர் கம்பிய பிரிச்செடுக்கற வேலை எனக்கு, ஒரு கிலோவுக்கு இவ்வளவுன்னு காசு தருவார். வார்னிஷ் வாசனை இன்னிக்கு எங்க அடிச்சாலும் எனக்கு சித்தப்பா ஞாபகம்தான்.

இனிமே அத்தைன்னே எழுதறேன். பழைய கதை சொல்லும்போதும் அப்படித்தான். அந்த வார்த்தைக்கு எப்படி வந்து சேந்தோம்ங்கறதுதான் இந்தப் பதிவே.

2018 நவம்பர் 16 கஜா புயல். அதுல எங்க பக்கம் என்ன ஆச்சுன்னு தனியா எழுதணும், முப்பது வருஷ தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில சாஞ்சு கெடந்துச்சு, கடை தகரம் பறந்து எங்க போச்சுன்னே தெரியல, கரண்ட் வர பல வாரம் ஆச்சு. கரண்ட் வந்ததும் தண்ணியில ஊறுன மோட்டாரெல்லாம் வரிசையா வந்துச்சு. அத்தை ரெண்டு மாசம் ராத்திரி பகலா வைண்டிங் போட்டாங்க, பாதிக்கு மேல கடன் சொல்லித்தான். அந்த வேலையெல்லாம் ஓய்ஞ்சப்புறம் தை மாசத்துல ஒரு ராத்திரி சித்திகிட்ட சொல்லிட்டாங்க, நான் உள்ளுக்குள்ள பொம்பளை, எட்டு வயசுலேர்ந்து அப்படித்தான், இனிமே முடியல. அப்ப அவங்களுக்கு 47 வயசு, மக ப்ளஸ் டூ.

ஏன் அப்பன்னு நான் ஒரு தடவ கேட்டேன். "அவ்ளோ பெரிய மரமெல்லாம் விழுந்து கெடந்துச்சுடா, நான் இன்னும் நின்னுக்கிட்டே இருந்தேன், அலுத்துப்போச்சு"ன்னாங்க. இத விட பெரிய வெளக்கம் எதுவும் அவங்ககிட்டேர்ந்து வரல.

சித்தி அழுவல. கத்தல. பேசறத நிறுத்திட்டாங்க. சோறு ஆக்குனாங்க, தட்டு வச்சாங்க, மக மூலமா "அப்பாவ சாப்பிட சொல்லு". சித்தியோட அண்ணன் ரெண்டு பேர் வந்து எங்க அப்பாவ நடுவுல உக்கார வச்சு கேட்டாங்க, தெரிஞ்சேதான் எங்க பொண்ண கட்டி வச்சீங்களா? எங்களுக்கும் தெரியாதுங்கறது அவங்க நம்பல. நம்பணும்னு என்ன அவசியம். அந்தக் கோவம் நியாயம்னு நான் இன்னிக்கும் நெனக்கறேன், அத்தை மேல எவ்ளோ பாசம் இருந்தாலும்.

அடுத்து என் பங்கு, இத மறைச்சா பதிவு பொய்யாயிடும். 2020 பிப்ரவரியில எனக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கும்போது பெரியப்பா பெரியம்மா, மாமா அத்தை வரிசையெல்லாம் சரியா வந்துச்சு, சித்தப்பா சித்தி வரிசையில பேனா நின்னுச்சு. பழைய பேரப் போட்டா அவங்க மனசு என்ன ஆகும், புதுப் பேரப் போட்டா மண்டபத்துல என்ன ஆகும். அப்பா, "சித்தி பேர மட்டும் போடு, யாராவது கேட்டா பிரஸ்காரன் விட்டுட்டான்னு சொல்லிக்கலாம்"னார். நான் சரின்னுட்டேன். மெட்ராஸ்ல ஐடி கம்பெனியில உக்காந்து, திருநங்கைகளையும் சேத்துக் கொண்டாடற பிரைட் மாசத்துக்கு ரெயின்போ ஸ்டிக்கர் ஒட்டுன லேப்டாப்ல அந்த ப்ரூஃப் காப்பிய ஓகே பண்ணி அனுப்புனவன் நான்தான்.

அத்தை வந்தாங்க. தனியா, பஸ்ல, ஒரு காட்டன் சேலையில. முதல் பந்தியிலயே சாப்டுட்டு மொய் டேபிள்ல நின்னாங்க. எங்க ஊர்ப்பக்கம் மொய்ங்கறது சாதாரண விஷயம் இல்ல, ஆடி ஆவணியில மொய் விருந்துன்னே தனியா பந்தல் போட்டு நடத்துவாங்க, கணக்கெல்லாம் தலைமுறை தாண்டி ஓடும், நோட்டு எழுதறதுக்குன்னே ஆள் இருக்கு. அவர் தலைய தூக்காம "ஊரு, பேரு"ன்னார். அத்தை பழைய பேர, இனிஷியலோட, சொன்னாங்க. அவர் தலைய தூக்கிப் பாத்தார். பாத்துட்டு எழுதிக்கிட்டார். 5,001 ரூபா.

ரொம்ப நாள் கழிச்சு ஏன் அந்தப் பேர சொன்னீங்கன்னு கேட்டேன், ஏதோ பெரிய வலியான பதில் வரும்னு எதிர்பாத்துக்கிட்டு. "டேய், உங்க தாத்தா செஞ்ச மொய், எனக்கு வந்த மொய், நான் திருப்பி செஞ்சது, எல்லாம் அந்தப் பேர்லதான் ஓடுது. புதுப் பேர்ல எழுதுனா நாளைக்கு நோட்டப் பொரட்டறவன் எங்க போய் தேடுவான், எனக்கு வரவேண்டிய காசு யாரு தருவா?"ன்னு சிரிச்சாங்க.

அந்த வருஷம் நவம்பர் 20, கொரோனா காலம், வீட்லேர்ந்து வேலை. ஜேன் மோரிஸ் இறந்துட்டாங்கன்னு போன்ல ஒரு செய்தி வந்துச்சு. வேல்ஸ் நாட்டு எழுத்தாளர், 94 வயசு. யாருன்னே தெரியாமத்தான் படிக்க ஆரம்பிச்சேன், அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அவங்களப் பத்தியே தோண்டிக்கிட்டு இருந்தேன். அதுல ஒரு வரி என்னைப் புடிச்சு உலுக்கிடுச்சு. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆளப் பத்தி கொஞ்சம் சொல்லணும்.

1926 அக்டோபர் 2, நம்ம காந்தி ஜெயந்தி அன்னிக்கு இங்கிலாந்துல பொறந்தவங்க. அப்ப பேர் ஜேம்ஸ். மூணு நாலு வயசுல அம்மா பியானோ வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது பியானோவுக்கு அடியில உக்காந்துக்கிட்டு, நான் தப்பான உடம்புல பொறந்துட்டேன், பொண்ணா இருக்கணும்னு தோணிச்சாம். தன் வாழ்க்கையில முதல் ஞாபகமே அதுதான்னு எழுதியிருக்காங்க. அப்புறம் பட்டாளத்துல ஆபீசர், பாலஸ்தீன், இத்தாலின்னு சுத்திட்டு, பத்திரிகைக்காரர். 1953ல எவரெஸ்ட் ஏறுன குழுவோட கூட போன ஒரே நிருபர் இவங்கதான், தி டைம்ஸ் பத்திரிகைக்காக. 26 வயசு, மலையேத்தம் பழக்கமே இல்ல, கிட்டத்தட்ட 22,000 அடி வரைக்கும் ஏறி உக்காந்திருந்தாங்க. ஹிலாரியும் டென்சிங்கும் மே 29 உச்சிய தொட்டுட்டு எறங்கி வந்த சேதி கெடச்ச உடனே அந்த சாயங்காலமே பனியில விழுந்து எழுந்து கீழ எறங்கி, ஓட்டக்காரர் ஒருத்தர்கிட்ட சேதிய குடுத்து நாம்சே பஜார்ல இருந்த இந்திய வயர்லெஸ் போஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. மத்த பத்திரிகைக்காரன் எவனும் அள்ளிடக்கூடாதுன்னு சங்கேத பாஷை. "பனி நிலைமை மோசம்"னா எவரெஸ்ட் ஏறியாச்சு. "முன்தளம் கைவிடப்பட்டது"ன்னா ஹிலாரி. "முன்னேற்றத்துக்குக் காத்திருக்கிறோம்"னா டென்சிங். வயர்லெஸ்காரங்க படிச்சாலும் ஐயோ பாவம் தோத்துட்டாங்கன்னுதான் நெனப்பாங்க. ஜூன் 2, எலிசபெத் ராணி முடிசூட்டற அன்னிக்கு காலையில லண்டன்ல பேப்பர்ல வந்துச்சு.

உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு இருக்கற சேதிய எழுதறதுக்கு அவங்கள விட பொருத்தமான ஆள் அந்த மலையில யாரு இருந்திருப்பா.

அதுக்கப்புறம் பேரும் புகழும்தான். சூயஸ் போர், நாஜி அதிகாரி ஐஷ்மன் விசாரணைன்னு உலகம் பூரா போய் செய்தி எழுதினாங்க. வெனிஸ் நகரத்தப் பத்தின புத்தகம் 1960ல வந்து இன்னிக்கு வரைக்கும் விக்குது. வீட்ல மனைவி எலிசபெத், 1949ல கல்யாணம், அஞ்சு குழந்தைங்க, அதுல ஒண்ணு கைக்குழந்தையாவே போயிடுச்சு. இந்த எலிசபெத் அம்மா யாருன்னா, நம்ம சிலோன்ல தேயிலைத் தோட்டம் வச்சிருந்த ஒரு துரையோட பொண்ணு. எங்க அப்பத்தா வகையில ரெண்டு தலைமுறை கண்டி சீமையில கொழுந்து பறிச்சவங்க, சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கப்புறம் கப்பல்ல திரும்பி வந்தவங்க, அதனால அந்த ஒரு வரியப் படிச்சப்ப, அட துரை வீட்டுக்கு இப்படி ஒரு கதை, கூலிக்காரங்க லயத்து வீட்டுக்கு இப்படி ஒரு கதையான்னு சிரிப்பு வந்துச்சு.

1964 வாக்குல ஹார்மோன் மாத்திரைய ஒழுங்கா எடுக்க ஆரம்பிச்சாங்க. மொத்தத்துல ஒரு 12,000 மாத்திரையாவது முழுங்கியிருப்பேன்னு அவங்களே ஒரு கணக்கு போட்டிருக்காங்க. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தப் பத்தி மூணு வால்யூம் எழுதுனதும் இதே காலத்துலதான். 1968, 1973, 1978னு வந்துச்சு, முதல் புத்தகம் வந்தப்ப அட்டையில பேர் ஜேம்ஸ். ஒரே செட்டு, அலமாரியில பக்கத்துல பக்கத்துல நிக்கும். மொய் நோட்டு மாதிரி இல்ல பாருங்க, பப்ளிஷர் பின்னாடி எல்லாத்தையும் ஜேன்னு மாத்தி மறுபதிப்பு போட்டுட்டாங்க.

ஆபரேஷனுக்கு லண்டன்ல கேட்டப்ப டாக்டருங்க ஒரு நிபந்தனை போட்டாங்க, முதல்ல பொண்டாட்டிய டைவர்ஸ் பண்ணு. ஏன்னா ஆபரேஷனுக்கப்புறம் ரெண்டு பொம்பளைங்க புருஷன் பொண்டாட்டியா இருக்க சட்டத்துல எடம் இல்ல. ஜேன் முடியாதுன்னுட்டாங்க. டைவர்ஸ் வேணும்னா எங்களுக்கு வசதிப்படறப்ப நாங்க பண்ணிக்கறோம், நீங்க சொல்லி இல்லன்னு 1972ல மொராக்கோவுக்குப் போயிட்டாங்க, காசாப்ளாங்கா நகரம், ஜார்ஜ் புரூன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், அந்தக் காலத்துல இந்த ஆபரேஷனுக்கு உலகம் பூரா அவர்கிட்டதான் போனாங்க. மயக்க மருந்து ஏற ஆரம்பிச்சப்புறம் ஜேன் தள்ளாடி எழுந்து கண்ணாடி முன்னாடி போய் நின்னாங்களாம். இனிமே இந்த ஆளப் பாக்க மாட்டோம்னு கடைசியா ஒரு தடவ கண்ணுக்குக் கண்ணு பாத்து, ஒரு கண்ணடிச்சுட்டு வந்து படுத்தாங்க. வயசு 45 முடிஞ்சு 46 ஆகப்போகுது.

சரி, அந்த ஒரு வரி. ஆபரேஷன் முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்து ரெண்டு பேரும் அதே வீட்ல சேந்து இருந்தாங்க, சட்டப்படி டைவர்ஸ் ஆனப்புறமும் பிரியல, வெளிய யாராவது நீங்க ரெண்டு பேரும் என்ன வேணும்னு கேட்டா என்ன சொன்னாங்க தெரியுமா?

நாத்தனாருங்க.

இங்கிலீஷ்ல அந்த உறவுக்கு இருக்கற சொல் நாத்தனாருக்கும் ஓடும், ஓரகத்திக்கும் ஓடும், கொழுந்தியாளுக்கும் ஓடும், பொத்தாம்பொதுவான சொல். ஆனா தமிழ்ல கணக்கு போட்டுப் பாருங்க. புருஷன் பொம்பளையா ஆயிட்டா, அவரோட அப்பா அம்மாவுக்கு மக. மகன்னா, கட்டிக்கிட்டு வந்தவளுக்கு நாத்தனார். நூல் புடிச்ச மாதிரி வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு பொண்டாட்டிய எழுப்பி சொன்னேன், "அப்படின்னா சித்தப்பா எனக்கு அத்தை!" அவ, "நாளைக்கு டெய்லி ஸ்டாண்டப் மீட்டிங் இருக்கு, படுங்க"ன்னுட்டு திரும்பிக்கிட்டா.

அடுத்த மாசம் ஊருக்குப் போனப்ப அப்பத்தாகிட்ட முதல்ல சொன்னேன். 84 வயசு, வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. உரலுக்குள்ள பாத்துக்கிட்டே கேட்டுச்சு, "அத்தைன்னா அவ மக ஒனக்கு முறைப்பொண்ணால்லடா ஆவா?"

இத நான் யோசிக்கவே இல்ல. சித்தப்பா மக தங்கச்சி, அத்தை மக கட்டிக்கற முறை. ஒரே பொண்ணு, ஒரு வார்த்தை மாறுனதுல பங்காளி வகையிலேர்ந்து மாமன் மச்சான் வகைக்குத் தாவிடுச்சு. அப்ப பின்னாடி கட்டுல காயப்போட்ட துணிய மடிச்சுக்கிட்டு இருந்த தங்கச்சி காதுல விழுந்து, "அண்ணே, நீ கல்யாணம் பண்ணிக்கிட்டது நல்லதாப் போச்சு"ன்னா. அப்பத்தா பொக்கை வாயில வெத்தலைச் சாறு ஒழுக சிரிச்சுச்சு. புயலுக்கப்புறம் அந்த வீட்ல அப்படி ஒரு சிரிப்பு நான் கேக்கவே இல்ல. சரி, முறை இடிக்குது, இடிச்சா இடிக்கட்டும், அவங்க அத்தை, நீ தங்கச்சின்னு தீர்ப்பாச்சு. முதல் தடவ "அத்தை"ன்னு கூப்பிட்டப்ப அவங்க கேப்பாசிட்டர் செக் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, திரும்பிக்கூட பாக்கல, "ம்"ன்னாங்க. அந்த "ம்" கொஞ்சம் லேட்டா வந்துச்சு, அவ்ளோதான்.

ஆனா ஜேன் மோரிஸ் கதையையும் எங்க கதையையும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. எலிசபெத்துக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். ஜேன் மறைக்கல. தெரிஞ்சுதான் அந்த அம்மா கூட நின்னாங்க. எங்க சித்திக்கு பதினெட்டு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. 2000ல அறந்தாங்கி பக்கத்துலேர்ந்து பொண்ணு பாத்து கட்டி வச்சப்ப அத்தைகிட்ட யாரும் எதுவும் கேக்கல, அத்தையும் சொல்லல, கல்யாணம் ஆனா சரியாயிடும்னு அவங்களே நம்பியிருக்காங்க. நம்ம ஊர்ல சின்ன வயசுலயே மறைக்க முடியாதவங்க பதினாறு பதினேழு வயசுல வீட்ட விட்டு வெரட்டப்பட்டு, திருநங்கைங்க ஒரு குடும்பமா சேந்து வாழற ஜமாத்துல போய் சேந்துடறாங்க, மறைக்கத் தெரிஞ்சவங்களுக்கு நாம பொண்ணு பாத்துடறோம். ரெண்டாவது வகையில இன்னொரு உயிரும் சேந்து மாட்டிக்குது. சித்தி ஒரு தடவ எங்க அம்மாகிட்ட சொன்னது, "அவுக பொம்பளையா இருக்கறது எனக்குப் பெருசில்லக்கா, இத்தன வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒத்தையா இருந்திருக்காகல்ல, அதான் தாங்கல".

இன்னொண்ணு, ஜேன் மோரிஸ் எழுதுன புத்தகம், 1974ல வந்த 'கனன்ட்ரம்', புதிர்னு அர்த்தம், அதுல எலிசபெத் கிட்டத்தட்ட தெய்வம் மாதிரி வர்றாங்க. ஜேன் பாட்டுக்கு ஊர் ஊரா சுத்தி எழுத, வீட்ல நாலு பிள்ளைங்கள வளத்தது அந்த அம்மாதான். அவங்க பக்கக் கதைய அவங்க புத்தகமா எழுதல. எழுதியிருந்தா நான் அத முதல்ல படிச்சிருப்பேன். தெய்வம்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் அவங்க கோவப்படவே முடியாதே! எங்க சித்தி கோவப்பட்டாங்க, அதனாலயே எங்க கதை மேல எனக்குக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை.

அந்தக் கோவம் எப்ப எறங்குச்சுன்னு தங்கச்சி சொல்லித்தான் தெரியும். லாக்டவுன், 2020 மே மாசம், கடைய மூடியாச்சு, மூணு பேரும் ஒரே வீட்டுக்குள்ள. அத்தை அப்ப வீட்ல நைட்டி போட ஆரம்பிச்சிருந்தாங்க. ஒருநாள் தொவச்ச நைட்டிய கொடியில போட்டுக்கிட்டு இருக்கும்போது சித்தி அடுப்படி ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு சத்தம் போட்டாங்களாம், "ஏங்க, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிக் காயப் போடுங்க, சாயம் வெளுத்துரும்ல". பதினாறு மாசம் கழிச்சு வந்த முதல் "ஏங்க".

அந்த "ஏங்க" இருக்கே, அத யோசிச்சுப் பாத்தா ஆச்சரியமா இருக்கு. இங்கிலீஷ்காரங்க அவன் அவள்னு சண்டை போட்டுக்கறாங்க. நம்ம பொம்பளைங்க புருஷன் பேரையே சொல்ல மாட்டாங்க, "ஏங்க", "என்னங்க", இதுல ஆண்பால் எங்க இருக்கு பெண்பால் எங்க இருக்கு. "வந்தாங்க", "சாப்டாங்க", அதுலயும் கெடையாது. மரியாதை குடுத்தாலே போதும், பால் பிரச்சனை பாதி தீந்துடுது. ஊர்ல அத்தைய அவமானப்படுத்தணும்னு நெனச்சவன் எல்லாம் முதல்ல அந்த மரியாதையத்தான் எடுத்தான், "அவன்"னான்.

ஒடம்பு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க, அத்தைக்கு அது புடிக்காது. 47 வயசுல ஆரம்பிச்சா ஹார்மோன் மாத்திரை தோலையும் மாரையும் கொஞ்சம் மாத்தும், தொண்டைய மாத்தாது, பையனா வயசுக்கு வரும்போது கட்டையான குரல் கட்டையாத்தான் இருக்கும். மொளச்ச தாடி அதுவா போகாது, லேசர்தான், நரைச்ச முடிக்கு லேசரும் புடிக்காது. "வெள்ளை முடிக்கு ஒரு ஒரு முடியா கரண்ட் வச்சுப் பொசுக்கறாங்கடா, நான் பாக்காத கரண்டா"ன்னாங்க. ரத்தம் கட்டிக்கற அபாயம் வயசானவங்களுக்கு அதிகம்கறதால டாக்டர் பீடிய விடச் சொன்னார், முப்பது வருஷப் பழக்கம், ஒரே வாரத்துல விட்டாங்க. சித்தி எத்தன வருஷமா கெஞ்சியும் விடாத பீடி. இதுக்கும் சித்திக்கு ஒரு கோவம் இருக்கு.

2019 சித்திரையில கூவாகம் போயிருக்காங்க, கூத்தாண்டவர் கோயில்ல தாலி கட்டிக்கிட்டு மறுநாள் அறுத்துட்டு வந்தாங்க. அழுதீங்களான்னு கேட்டேன். "எல்லாம் இருபது இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்கடா, அதுங்க சாப்டுச்சான்னு பாக்கவே நேரம் சரியாப் போச்சு"ன்னாங்க. திருச்சி பக்கம் ஒரு ஜமாத்துல இவங்கள மகளா எடுத்துக்கிட்டவங்களுக்கு வயசு 31. அந்தப் புள்ளைய இவங்க "அம்மா"ன்னு கூப்பிடணும், கூப்பிடறாங்க. அந்த அம்மா போன் பண்ணி "சாப்டியாடி"ன்னு அதட்டும்போது நம்ம அத்தை "சாப்டேம்மா"ன்னு சின்னப் பொண்ணு மாதிரி பதில் சொல்லறத நான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன். முறைங்கறது நம்ம வீட்ல மட்டும் கொழம்பல பாருங்க. 2008லயே தமிழ்நாட்டுல திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துடுச்சு, இந்தியாவுலயே முதல்ல, 2014 ஏப்ரல் 15ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2019ல மத்திய அரசு சட்டம்னு எல்லாம் இருக்கு, அந்தச் சட்டப்படி கலெக்டர்கிட்டேர்ந்து சான்றிதழ் வாங்குனாங்க, கெசட்ல பேர் மாத்துனாங்க, ஆதார் மாத்துனாங்க, 2021 கடைசியில மெட்ராஸ்ல ஒரு அரசு ஆஸ்பத்திரியில ஆபரேஷன். துணைக்கு நின்னது ஜமாத்து அம்மாவும் தங்கச்சியும். சித்தி வரல. மிளகு ரசப்பொடி இடிச்சு டப்பாவுல போட்டுக் குடுத்து விட்டாங்க.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது கடையில நடக்கற கூத்து. ஜேன் மோரிஸ் ஒரு விஷயம் எழுதியிருக்காங்க, கார ரிவர்ஸ் எடுக்கவோ பாட்டில் மூடி தொறக்கவோ உனக்குத் தெரியாதுன்னு எல்லாரும் நெனச்சு நெனச்சே, போகப்போக எனக்கு நெஜமாவே தெரியாமப் போச்சுன்னு. இதுக்காக அப்பவே பொம்பளைங்க பலபேர் அவங்கள வறுத்தெடுத்துட்டாங்க, பொம்பளைன்னா இதுதான்னு நெனச்சுக்கிட்டியாம்மான்னு. நியாயமான கேள்வி. எங்க அத்தை கடைக்கு புதுசா வர்றவங்க, "ஏக்கா, கடைக்காரர் இல்லையா?"ன்னு கேக்கறாங்க. ஒரு தடவ நான் இருக்கும்போதே நடந்துச்சு, பக்கத்துத் தோட்டத்துக்கு ஸ்டார்ட்டர் போர்டு மாட்ட வந்த பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும், மோட்டார் ஏன் உறுமுதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தான். அத்தை கிட்டப் போனாங்க. அவன், "அக்கா தள்ளி நில்லுங்க, த்ரீ ஃபேஸு, ஷாக் அடிச்சிரும்"னான். அத்தை தள்ளி நின்னாங்க. சேலை முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு வேடிக்கை பாத்தாங்க. அவன் கால்மணி நேரம் எல்லாத்தையும் கழட்டி மாட்டி வேர்த்து விறுவிறுத்துப் போனப்புறம் மெதுவா சொன்னாங்க, "தம்பி, ஒரு ஃபேஸ் வரல. நடு ஃபியூஸப் பாரு". அவன் பாத்தான். போயிருந்துச்சு.

ஜேன் சொன்ன மாதிரி உங்களுக்கு மறந்து போச்சான்னு வர்ற வழியில கேட்டேன். "மறக்கறதா! அவன் அக்கான்னு கூப்பிட்டான்ல, அத கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருக்கலாம்னு நின்னேன்"னாங்க.

வேல்ஸ்ல லானிஸ்டம்டுவின்னு ஒரு கிராமம், வாயில நுழையறதுக்குள்ள ஊரே தாண்டிடும், அங்க ஒரு பழைய பங்களாவோட குதிரை லாயத்த வீடா மாத்தி ஜேனும் எலிசபெத்தும் கடைசி வரைக்கும் இருந்தாங்க. 2008 மே மாசம் பக்கத்து டவுன்ல கவர்மெண்ட் ஆபீஸ்ல போய் சிவில் பார்ட்னர்ஷிப் பதிவு பண்ணிக்கிட்டாங்க, 2005 கடைசியிலதான் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்துச்சு, அதாவது ரெண்டாவது தடவ கல்யாணம், அதே ஆளோட. சாட்சிக் கையெழுத்து போட்ட உள்ளூர் தம்பதி ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ குடுத்தாங்களாம், அவ்ளோதான் விசேஷம். எலிசபெத் அதப் பத்தி சொன்னது, 59 வருஷத்துக்கு முன்னாடி நான் குடுத்த வாக்குதான், அது இன்னும் அப்படியே இருக்குன்னு. கல்லறைக் கல்லையும் முன்கூட்டியே அடிச்சு மாடிப்படிக்கு அடியில போட்டு வச்சிருந்தாங்க, வெல்ஷ்லயும் இங்கிலீஷ்லயும், ஒரே வாழ்க்கையின் முடிவில் இங்கே இரண்டு தோழிகள்னு அர்த்தம் வர்ற மாதிரி. இங்கிலீஷ்ல இருக்கற அந்தச் சொல்லுல தோழின்னும் எடுத்துக்கலாம், தோழர்னும் எடுத்துக்கலாம். இத அத்தைகிட்ட போட்டோ காட்டி சொன்னேன், அவங்க கல்ல விட்டுட்டு மாடிப்படிக்கு அடியில வச்சா கரையான் அரிக்காதான்னு கேட்டாங்க, கல்லுன்னு சொன்னப்புறம் சரின்னாங்க. சித்தி முறத்துல உளுந்து பொடச்சுக்கிட்டு இருந்தாங்க, எதுவும் சொல்லல, ஆனா போன வாங்கி போட்டோவ பெருசு பண்ணி ரெண்டு பேர் மூஞ்சியையும் கொஞ்ச நேரம் பாத்தாங்க. "இந்தக் கெழவிதான் நம்ம கண்டி தொரை மகளா?"ன்னு கேட்டுட்டு போன திருப்பிக் குடுத்துட்டாங்க.

போன வருஷம் அத்தைக்கு பித்தப்பையில கல்லு. தஞ்சாவூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அட்மிஷன்லயே ஒரு மணி நேரம் இழுத்தடிச்சாங்க, ஆம்பளை வார்டா பொம்பளை வார்டான்னு அவங்களுக்குள்ளயே பேசிக்கிட்டு, கடைசியா தனி ரூம்தான், அதுக்கு வாடகை வேறன்னுட்டாங்க. கார்டக் காட்டி நான் சத்தம் போட்டேன், ஒண்ணும் நடக்கல, காசு கட்டுனோம். இந்த தடவ சித்தி வந்திருந்தாங்க. ராத்திரி ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்க ஒரு நர்ஸ் பொண்ணு ஃபார்மோட வந்துச்சு, சின்னப் பொண்ணு, ராத்திரி டூட்டி களைப்பு.

"பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்மா?"

நான் ஏதாவது சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள சித்தி சொல்லிட்டாங்க. "எனக்கு நாத்தனாரு."

நான் இந்த வார்த்தைய சித்திகிட்ட சொன்னதே இல்ல. அப்பத்தா சொல்லியிருக்கணும், இல்ல தங்கச்சி. நர்ஸ் எழுதிக்கிட்டே, "வீட்டுக்காரரோட கூடப்பொறந்தவங்களா? அவரு கையெழுத்துப் போட்டா இன்னும் நல்லது, அவரு வரலையா?"

சித்தி கட்டில திரும்பிப் பாத்தாங்க. பச்சை கவுன்ல, கையில ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டு, அத்தை கண்ண மூடிப் படுத்திருந்தாங்க, ஆனா ஒதட்டோரம் துடிக்குது, தூங்கலன்னு எனக்குத் தெரியும்.

"வந்திருக்காக"ன்னு சொல்லிட்டு சித்தி பேனாவ வாங்கிக் கையெழுத்துப் போட்டாங்க.